தேன் குடித்த கான்கிரீட்

மேஸ்திரி குழிக்குள் குனிந்து கட்டை விரலை வைத்து அழுத்தினார். நகம் முழுக்க உள்ளே போயிற்று.

முந்தின நாள் கொட்டிய கான்கிரீட் அது. விடிந்தால் கல்லாக இருக்க வேண்டும். கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அவர் அடுத்த குழியில் இறங்கினார். அங்கேயும் விரல் போயிற்று. மூன்றாவது குழியில் விரலை வைக்கவே அவருக்கு மனசு வரவில்லை. ஒரு குச்சியை எடுத்துக் குத்தினார். குச்சி நட்டுக்கொண்டு நின்றது.

"இன்னா மேஸ்திரி?" என்று மேலே நின்றிருந்த எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"செட்டாவலப்பா."

"வெயில் ஏறினா ஆயிடுமா?"

"வெயிலுக்கும் இதுக்கும் இன்னாப்பா சம்மந்தம்? நேத்து சாயங்காலமே புடிச்சிருக்கணும். இருபது வருசமா கரண்டி புடிக்கிறேன், இப்படி நான் பார்த்ததில்ல."

என் பக்கத்தில் என் நாத்தனார் வெள்ளச்சி நின்றிருந்தாள். இறுகின கான்கிரீட்டின் மேல் போர்த்துவதற்காகச் சாக்கை நனைத்துக் கையில் பிடித்திருந்தாள். சாக்குத் தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. நனைந்த சணல் வாசனையும் சிமெண்ட் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் எனக்கு அந்த விடியற்காலைதான் கண்ணில் நிற்கும்.

கொக்கு மாதிரி நிற்கிற வீடு

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் படத்தோடு எங்கள் வீட்டுப் படத்தையும் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து ஒரு தம்பி, "உங்கள் வீடு ஏன் கொக்கு மாதிரிக் காலில் நிற்கிறது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் காலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். என் வேகத்துக்குத்தான் வரும். நீங்களும் கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், காவலூர் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சமமான நிலம் சாமைக்கும் கேழ்வரகுக்கும் என்று விட்டுவிடுவோம். வீட்டைச் சரிவில்தான் கட்டுவோம். விளைகிற மண்ணில் போய் யார் படுத்துத் தூங்குவார்கள்?

நான் கலியாணமாகி வந்தபோது எங்களுக்கு மண் சுவர், புல் கூரை. ஒரு ஐப்பசி மழையில் பின்பக்கச் சரிவு ஊறி, சுவரோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. பகல் நேரமானதால் உயிர் தப்பினோம். அடுப்பு, குதிர், பாய் எல்லாம் சேற்றுக்குள் போயிற்று. அன்றைக்கு நாங்கள் புளியமரத்தடியில் ஒண்டி நின்றபோது எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "இனிமே சுவத்த நம்ப மாட்டேன். பாலத்துக்குக் கால் வெக்கிற மாதிரி வூட்டுக்கும் கால் வெக்கப் போறேன்."

அவர் அப்போது மலைப்பாதையில் ஒரு சின்னப் பாலம் கட்டுகிற இடத்தில் சிமெண்ட் கொட்டகைக்குக் காவல் இருந்தார். மேலேயிருந்து வருகிற வெள்ளம் அந்தத் தூண்களைச் சுற்றிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தவர். அதனால் அப்படிச் சொன்னார். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மண்ணில் புதைந்த அடுப்பைத் தோண்டி எடுத்தவள் நான்தானே.

வெள்ளச்சி வந்தது

பக்கத்தில் ஒரு புல் குடிசை போட்டு இருந்துகொண்டு, புது வீட்டுக்குக் கோடு போடுகிற சமயத்தில்தான் வெள்ளச்சி வந்தாள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றாள்.

ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினபோது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ஊர் கேட்டது. "எப்போ திரும்பிப் போற?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் சொன்னேன்: "போவ மாட்டா. இந்த வூட்ல அவளுக்கு ஒரு ரூமு போடறோம்." அதைச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்காரருக்கே அந்த ரூம் விஷயம் தெரியும். அவர் கோட்டை அழித்து, பள்ளத்துப் பக்கம் இன்னும் ஒரு ரூம் சேர்த்து வரைந்தார். அவர் சுபாவம் அது.

மண்ணுக்குத் தேன்

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு மண் தோண்டினால் அந்த மண்ணுக்குத் தேன் கொடுக்க வேண்டும். மலைத்தேன். அந்த வீட்டில் பிறந்த பெண் ஒரு சொம்புத் தேனைக் குழியில் ஊற்றி, "உன்னைத் தோண்டினோம், கோவிச்சுக்காதே" என்று சொல்ல வேண்டும். மருமகள் ஊற்றக் கூடாது. நான் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தச் சொம்பு என் கைக்கு வராது.

ஊர்க்கவுண்டர் ஒருவர் இருந்தார். நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். முறைக்கு எனக்கு மாமா. அவர் வந்து சொன்னார்: "வாழாம வந்தவ கையால வேணாம்மா. பங்காளி வூட்டுப் பொண்ணு எத்தினியோ பேர் இருக்காங்க. யாரையாவது ஊத்தச் சொல்லு."

"இந்த வூட்ல பொறந்தவ இவ ஒருத்திதான் மாமா. இவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தி எதுக்கு?"

"நல்லதுக்குச் சொன்னேன்."

"எனக்கும் நல்லதுக்குத்தான் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் அப்படி உதறினால் கோபம் என்று அர்த்தம்.

ஓவர்சியரின் புனல்

பாலத்து வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர் ஐயாதான் எங்கள் வீட்டுக்கும் வழி சொன்னார். கீழ்நாட்டுக்காரர். வெள்ளைச் சட்டையில் எப்போதும் முழங்கைப் பக்கம் ஒரு சிமெண்ட் கறை இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவைதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டுச் சாமைச் சோறும் புளித்தண்ணியும் தவிர அவர் எங்களிடம் ஒன்றும் வாங்கினதில்லை. அவர் இன்று எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இருந்தால் இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பாலத்துக்கு எப்படிச் செய்தாரோ அப்படியேதான் எங்களுக்கும் செய்தார். ஒரு தகரப் புனல் வைத்திருந்தார். கீழே அகலம், மேலே குறுகல். கலந்த கான்கிரீட்டை அதில் போட்டு, கம்பியால் குத்தி, புனலை மேலே தூக்குவார். உள்ளே இருந்தது புட்டு மாதிரி நின்றால் தண்ணீர் போதாது. கூழ் மாதிரி ஓடினால் தண்ணீர் அதிகம். பதமாக உட்கார வேண்டும். கான்கிரீட் சுமக்கிற பாண்டுச் சட்டி தூக்க வந்த பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஐயாவுக்கு வூட்ல புட்டு செய்யற வேலை போலக்கீது" என்று ஒருத்தி சொன்னாள்.

"என் புட்டுல வூடே நிக்கும்மா. உன் புட்டுல யாரு நிப்பா?" என்று அவரும் சொன்னார்.

அப்புறம் ரெண்டு படி அரிசி கொள்ளுகிற மாதிரி சதுர இரும்பு அச்சுகள் மூன்று கொண்டுவந்தார். அதே கான்கிரீட்டை அதில் கொட்டி வைப்பார். இறுகினதும் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பதாம். "காவக்காரன் வூட்டுக்கு இவ்ளோ வேணுமாய்யா?" என்று மேஸ்திரி கேட்டார். சந்தவாசலிலிருந்து வந்தவர் அவர், வேலையில் சுத்தமான ஆள்.

"வூடா பாலமான்னு கான்கிரீட்டுக்குத் தெரியாதுய்யா" என்றார் ஓவர்சியர்.

அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் ஊற்றினாள்

பள்ளத்துப் பக்கம் மூன்று குழிதான் முதலில். சரிவில் பாரம் எல்லாம் அந்தப் பக்கம்தான் இறங்கும் என்றார்கள். வெள்ளச்சியின் ரூமும் அதன் மேலேதான் வரும்.

குழியின் அடியைப் பெருக்கி, கம்பி பின்னி வைத்திருந்தது. ஓவர்சியர் விரலை ஆட்டிச் சொன்னார்: "குழிக்குள்ள பூ, மஞ்சா, காசு, எலுமிச்சம்பழம் எதுவும் வுழக்கூடாது. சுத்தமா இருக்கணும். வுழுந்தா நான் போய்டுவேன்." சொல்லிவிட்டு, பாலத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை.

வெள்ளச்சி தேன் சொம்போடு குழி ஓரத்தில் நின்றாள். குழிக்குள் எதுவும் விழக்கூடாது என்று ஓவர்சியர் சொன்னதை மீறலாமா? மண்ணுக்குக் கொடுக்காமல் விடலாமா? கலவைக்குத் தண்ணீர் மொள்ளுகிற டிரம் பக்கத்தில் இருந்தது. சொம்பை அதில் கவிழ்த்தாள். அடியில் தங்கிவிடுமே என்று மூங்கில் கழியை விட்டு நன்றாகக் கலக்கினாள்.

"ஏம்மே, தண்ணியில ஊத்தற?" என்று மேஸ்திரி கேட்டார்.

"குழியில ஊத்தக் கூடாதுன்னாருங்களே. இந்தத் தண்ணி எப்படியும் குழிக்குத்தானே போவுது?"

"வக்கீலம்மாடா!" என்று மேஸ்திரி சிரித்தார். அவளைத் தவிர எல்லாரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஓவர்சியர் வார்த்தையும் தப்பவில்லை, மண்ணுக்கும் குறை இல்லை. டிரம்மிலிருந்து தேன் வாசனை வந்தது. ரெண்டு தேனீ சுற்றிக்கொண்டே இருந்தன. தகடு போட்டு மண்வெட்டியால் கலந்து, பெண்கள் வரிசையாக நின்று பாண்டு மாற்றி மாற்றி, மூன்று குழியையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். ஓவர்சியரின் மூன்று அச்சுகளிலும் மேஸ்திரி அதே கலவையை நிரப்பி வைத்தார். அந்த வரிசையில் முதல் ஆளாகக் கடைசி வரைக்கும் நின்றவள் நான். அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரியின் விரல் உள்ளே போனது. அங்கேதான் ஆரம்பித்தேன்.

பூமி வாங்கலையாம்

மேஸ்திரி, சிமெண்ட் பழசு, ஈரம் வாங்கியிருக்கும் என்றார். எங்கள் வீட்டுக்காரர், மூட்டை உடைக்கும்போது மாவு மாதிரி இருந்ததே என்றார். பேசிக்கொண்டே இருக்கும்போது, பாண்டு தூக்க வந்தவர்களில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"பூமி வாங்கல."

அவ்வளவுதான். உச்சிப் பொழுதுக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. வாழாமல் வந்தவள் தேன் கொடுத்தாள், பூமி வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்க்கவுண்டர் வந்து மூன்று குழியையும் எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அதையே என்னை ரெண்டு அடி அடித்துச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"வாரிக் கொட்டிட்டு வேற போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி.

எதை வைத்துப் போடுவது? மீதி இருந்த மூட்டைகள் மேலே தூண்களுக்கே சரியாக இருக்கும். இப்போது மாதிரி கடையில் போய் மூட்டையைத் தூக்கி வருகிற காலமா அது? சிமெண்ட்டுக்குப் பர்மிட் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் போளூர் ஆபீசுக்கு மலை இறங்கி இறங்கிச் செருப்பைத் தேய்த்து வாங்கின பர்மிட். இன்னொன்று கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அதற்குள் மழை வந்து தோண்டின சரிவையே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த மூன்று குழி இறுகாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் வெள்ளச்சிக்கு ரூம் இல்லை. ரூம் இல்லாவிட்டால் அவள் எங்கே போவாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால், அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி, நான் போய்ட்டா எறுகிடுமா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "நீ போனாத்தான் எறுகும்னா, அந்தக் கான்கிரீட்டு எனக்கு வேணாம்டி" என்று மூட்டையைப் பிடுங்கிக் குடிசைக் கூரையின் எரவாணத்தில் செருகினேன். எங்கள் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தங்கையைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து அவளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அது எனக்கு ஊர்ப் பேச்சைவிட வலித்தது.

தூங்குகிற சிமெண்ட்

அடுத்த நாள் ஓவர்சியர் வந்தார். ஒரு அச்சைக் கழற்றினார். உள்ளே இருந்தது பொலபொலவென்று சரிந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தார், மோந்து பார்த்தார். மற்ற அச்சுகளைத் தொடவில்லை.

"தண்ணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

வெள்ளச்சிதான் முன்னால் வந்தாள். "நாந்தாங்க டிரம்முல தேன் ஊத்தினேன். குழியில ஊத்தலீங்க. நீங்க சொன்னதால."

ஓவர்சியர் தலையில் கையை வைத்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. "குழியில ஊத்தியிருந்தாக்கூட மண்ணோட போயிருக்கும்மா. நீங்க ஒவ்வொரு மூட்டைக்கும் பங்கு வெச்சுக் குடுத்திருக்கீங்க! சிமெண்ட்டுக்கு இனிப்பு ஆவாது. சக்கரை பட்டா தூங்கிடும்."

"செத்துப் போச்சுங்களா?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சமா பட்டா நாள் கழிச்சு முழிச்சிக்கும். முழிச்சா நல்லாவே இருக்கும். ரொம்பப் பட்டா முழிக்காது. எவ்ளோ ஊத்தினீங்க?"

"ஒரு சொம்புங்க."

அவர் டிரம்மைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "முழிக்கும்னுதான் தோணுது. வாரிக் கொட்டாதீங்க. பொறுத்துப் பார்ப்போம்."

கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். "ஐயா படிச்சவரு. ஆனா தேன் அமுர்தம் மாதிரி. அது இன்னாங்க கெடுதல் பண்ணும்? ஊத்தின கையி அப்படி."

கவுண்டர் கட்டை விரல்

அந்த இடத்தில்தான் எனக்கு ஆங்காரம் வந்தது. படிப்பு எனக்கு இல்லை. ஆனால் கண்ணால் பார்த்தால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது தெரியும்.

"ஐயா, ஒடச்ச மூட்டையில கொஞ்சம் சிமெண்ட்டு மிச்சம் இருக்குது. ரெண்டு டப்பாவுல கலந்து வெய்யுங்க. ஒண்ணுல வெறும் தண்ணி. இன்னொண்ணுல தேன். அந்தத் தேனை மாமா கையால ஊத்தட்டும்."

"நான் எதுக்கும்மா?" என்றார் கவுண்டர்.

"உங்க கை நல்ல கை இல்லியா மாமா? நாலு பேரன் எடுத்த கை. பூமி உங்க கையைத் தள்ளாதில்ல?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஓவர்சியர் ரெண்டு பால் டப்பாவில் சிமெண்ட்டும் மணலும் கலந்தார். கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, தேன் விட்டார். கொஞ்சம் தாராளமாகவே விட்டார். டப்பா ரெண்டும் அவர் வீட்டு மாடத்திலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். பின்னால் யாரும் ஒரு பேச்சு பேசக்கூடாது.

மறுநாள் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் டப்பாவைத் தட்டினால் கல். தன் டப்பாவில் கட்டை விரலை வைத்தார். விரல் போயிற்று.

விரலை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்த டப்பாவை வழியிலேயே ஓடையில் வீசிவிட்டு, காணோம் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த விரலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார்.

"என் தேனையும் வாங்கலப்பா."

அப்புறம் அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன். பெருமைக்காரர் ஒருவர் நாலு பேர் முன்னால் தன்னைப் பார்த்தே சிரிப்பது லேசான காரியம் இல்லை. நான் பெருமைக்காரி, எனக்குத் தெரியும்.

கொங்காணி

ஆனால் வெள்ளச்சி சிரிக்கவில்லை. அதுவரைக்கும் அவள் ராசி கெடுத்தது என்று சொன்னார்கள். இப்போது அவள் கையே கெடுத்தது என்று ஆயிற்று. "ராசின்னா நான் இன்னா பண்ணுவேன் அண்ணி? இது நான் ஊத்தினது இல்ல?" என்றாள். எரவாணத்து மூட்டையை அவள் அவிழ்க்கவும் இல்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பொறுத்திருப்பது பெரிய வேலை. பாண்டு தூக்குவது ஒன்றுமே இல்லை அதற்கு முன்னால். கான்கிரீட் காயவும் கூடாது, மேலே தண்ணீர் அடித்து ஓடவும் கூடாது. வெள்ளச்சி ஈரச் சாக்கைப் போர்த்திப் போர்த்தி, பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். இலையைத் தண்ணீரில் நனைத்து உதறி உதறித் தெளிப்பாள். குழிக்குள் இறங்கி விரல் வைத்துப் பார்க்க மட்டும் மாட்டாள். "நீங்க பாருங்க அண்ணி" என்பாள்.

ஒருநாள் பிற்பகலில் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. கல்மழை. சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் இறங்குகிறது. நாங்கள் புல் தட்டியை இழுத்துப் போடுகிறோம், காற்று தூக்கிக்கொண்டு போகிறது. யார் சொன்னார்களோ தெரியாது, ஊரே வந்தது. சிலர் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். சிலர் தட்டி மேலே உட்கார்ந்தார்கள். "பூமி வாங்கல" என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஊர்க்கவுண்டர் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து நடுக்குழியின் மேல் விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு ஆலங்கட்டியில் நின்றார்.

"மாமா, மண்டை ஒடஞ்சிடும், உள்ள வாங்க!"

"ஒடையட்டும்மா. இதுவாவது செட்டாவட்டும்."

மழை விட்டபிறகு குழியில் ஒரு விரல் கனம் கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் நான் விரல் வைத்தேன், போகவில்லை. நகத்தால் கீறினேன், நகம் மழுங்கிற்று. மேஸ்திரி ஓடிவந்து சுத்தியால் தட்டினார். டங்கென்று கேட்டது. நான் கத்தின கத்தலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் கிளம்பிற்று.

வேலூரிலிருந்து வந்த துண்டு

மேஸ்திரி அன்றைக்கே தூண் எழுப்பலாம் என்றார். ஓவர்சியர் ஒத்துக்கொள்ளவில்லை. "எறுகியிருக்குது. எவ்ளோ தாங்கும்னு தெரியாம மேல பாரம் ஏத்த மாட்டேன். உள்ள தூங்கறவங்க எனக்கும் வேண்டியவங்க."

கழற்றாமல் விட்டிருந்த அச்சுகள் ரெண்டும் அப்போது நன்றாகக் கழன்று வந்தன. அவற்றை ஊறவைத்து, நாள் கணக்குப் பார்த்து, கோணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே வேலூருக்குப் பஸ் ஏறினார். அங்கே நசுக்குகிற மிஷின் இருக்கிறதாம். ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். யார் வீட்டுக்காகவோ அதை மலை இறக்கிக் கொண்டுபோனார். பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

அவர் திரும்பி வருகிற அன்றைக்கு நாங்கள் யாரும் வயல் பக்கம் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவர் நடந்து வருவது தெரிந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத மனுஷர். வந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். பையைக் கவிழ்த்தார். உடைந்த துண்டுகள் விழுந்தன. உள்ளே ஜல்லியும் பிளந்திருந்தது.

"ஒடஞ்சிடுச்சே!" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஒடையற வரைக்கும்தான் நசுக்கணும். ஜல்லியே பொளந்திருக்குது பாருங்க, சிமெண்ட்டு வுடல. எனக்கு வேண்டியதுக்கு மேலயே தாங்கிச்சு. மேல கட்டுங்க."

வெள்ளச்சி ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி அதைத் தொட்டாள்.

"இன்னாடி பண்ற?"

"இனிக்குதான்னு பாக்கறேன் அண்ணி."

"இனிக்குதா?"

"தூ! மண்ணு." முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு அப்படியே சிரிப்பாக மாறிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்லு வரிசை அண்ணனுக்கு மாதிரியே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார், அவளுக்குக் கேட்கிற மாதிரி: "அவ ரூமுக்குக் கதவு எந்தப் பக்கம் வெக்கணும்னு கேளு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தனி வாசல் வேணும்ணா. யாரையும் கேக்காம போவவும் வரவும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஓவர்சியர் தான் தண்ணீர் குடித்து முடித்த சொம்பைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் கீழே கிடந்த சுண்ணாம்புக் கல்லை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார்.

"நீயே கோடு போடு."

அவள் போட்டாள். கோடு கொஞ்சம் கோணல்தான். மேஸ்திரி நிமிர்த்த வந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிடச் சொன்னோம்.